புதிதாய்ச் செய்த பழைய கிதார்

சென்ற ஆண்டு சித்திரைத் திருவிழாக் கூட்டம் கலைந்து நாலைந்து தினங்கள் ஆகியிருக்கும். திருப்பரங்குன்றத்தில் எங்கள் தெரு முனையில் ஜிகர்தண்டாக் கடை வைத்திருப்பவர் என்னை வழிமறித்தார்.

"வாத்தியாரய்யா! உங்க பக்கத்து வீட்டுப் பையன் ஒரு சாமானைக் கொண்டாந்து, ராத்திரி முழுக்க ஐஸ் பெட்டிக்குள்ளே வைக்கணும்கிறான். அதில் பூசின வார்னிஷ் வெடிக்கணுமாம். வைக்கலாமா, வேண்டாமா?"

வார்னிஷ் வெடிக்காமல் இருக்க உபாயம் கேட்பவர்களை நான் கண்டதுண்டு. வெடிப்பதற்கு உபாயம் தேடுகிறவனை அன்றுதான் கண்டேன். கடைக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டு வருஷத்திற்கு முன்பு வரை என் வகுப்பில் இருந்து, இப்போது கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கும் பையன், பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு கனமான வஸ்துவைக் குழந்தையைப் போல் ஏந்திக்கொண்டு நின்றான். வீட்டுக் குளிர்பெட்டியில் அது கொள்ளவில்லை. கொள்ளச் செய்வதற்காக அவன் இட்லி மாவுப் பாத்திரத்தை வெளியே எடுத்து வைத்ததில் தாயாருக்கும் அவனுக்கும் யுத்தம் மூண்டிருக்கிறது. ஆகவேதான் கடையைத் தேடி வந்திருக்கிறான்.

பைக்குள் இருந்தது ஒரு மின்சாரக் கிதாரின் உடற்பலகை. அந்த வாத்தியத்தை அவன் தன் கையாலேயே பூட்டிக்கொண்டிருந்தான். பூட்டி முடித்த பிறகு பார்க்கிறவர்கள், "ஐம்பது வருஷத்துக் கிதார்" என்று சொல்ல வேண்டும் என்பது அவன் ஆசை.

மின்சாரக் கிதாரைத் தனித்தனி உறுப்புக்களாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். இவனுக்குத் தை மாதத்திலேயே சீனாவிலிருந்து வந்துவிட்டது. வீணை தெரிந்தவர்களுக்கு அந்த உறுப்புக்களை எளிதில் சொல்லிவிடலாம். குடத்திற்குப் பதிலாக இரண்டு அங்குலத்திற்குச் சற்றுக் குறைந்த கனமுள்ள ஒரு பலகை, அதன்மேல் தண்டி, தண்டியில் மெட்டுக்கள், தலையில் ஆறு பிருடைகள், பலகையின் மேல் ஒரு குதிரை, ஆறு எஃகுத் தந்திகள். தண்டியும் பலகையும் பசை போட்டு ஒட்டப்பட்டவை அல்ல. நாலே நாலு திருகாணிகளால் இணைக்கப்படுகின்றன. இந்த யோசனையைப் பிரபலப்படுத்தியவர் கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த லியோ பெண்டர் என்பவர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. வாசிக்கத் தெரிந்தவராயிருந்தால் பழைய முறைகளை விட்டு இவ்வளவு துணிந்து விலகியிருப்பாரோ என்னவோ! 1950-ஆம் வருஷம் அவர் இந்த வகைக் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1954-ல் 'ஸ்டிராட்டோகாஸ்டர்' வந்தது. இன்று உலகமெங்கும் பெட்டியில் வரும் கிதார்களில் பெரும்பாலானவை இவ்விரண்டின் வாரிசுகளே.

குடமில்லாத இந்த வாத்தியம் எவ்வாறு பேசுகிறது? தந்திகளுக்கு அடியில் சிறு காந்தக் கட்டைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைச் சுற்றி, தலைமயிரைவிட மெல்லிய தாமிரக் கம்பியை எட்டாயிரம் சுற்றுக்குச் சற்று முன்பின்னாகச் சுற்றியிருக்கிறார்கள். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. புலம் அசைந்தால் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831-ல் பாரடே கண்டுபிடித்த தத்துவந்தான். அந்தச் சிறு மின்சாரத்தை ஒலிபெருக்கி பெரிதாக்கிக் கொடுக்கிறது. ஆகவே மரம் இங்கே எவ்வளவு தூரம் நாதத்திற்குக் காரணம் என்பதில் வித்துவான்களுக்குள்ளும் விஞ்ஞானிகளுக்குள்ளும் இன்னும் சச்சரவு ஓயவில்லை. இந்தச் சச்சரவைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பையன் வீட்டில் அவனுடைய தாத்தா ஒருவர் இருக்கிறார். ஐம்பது வருஷம் தச்சு வேலை செய்தவர். அழுத்திச் செய்த மரத்தூள் பலகையில் அலமாரிகள் வந்திறங்கிய பிறகு அவரைத் தேடி வருவோர் குறைந்தனர். அவருடைய இழைப்புளி, உளி, வாள், துரப்பணம் எல்லாம் ஒரு சாக்கில் கட்டித் திண்ணை மூலையில் கிடந்தன. அவர் மகன், அதாவது பையனின் தகப்பனார், தொழிலை விட்டு ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறார். "இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடலாம்" என்று இரண்டு தடவை பிரஸ்தாபித்துவிட்டார். அவர் மேல் குற்றமில்லை. கூலிக்குக் காத்திருந்த வீட்டில் வளர்ந்தவர் அவர். தம் பிள்ளையும் மரத்தூளில் போய் நிற்கக்கூடாது என்று நினைக்கிறார். கிதார்ப் பெட்டி வந்த அன்றைக்கே அவர் முகம் சுண்டிப் போயிற்று.

பெட்டியில் வந்த பலகையில் ஒரு கோளாறு இருந்தது. குதிரைக்காக அவர்கள் போட்டிருந்த துவாரங்கள் மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தன. மூன்று மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். இந்த ஜாதிக் கிதாரில் தந்தி பேசும் நீளம் இருபத்தைந்தரை அங்குலம். மெட்டுக்கள் கண்டபடி வைக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொரு மெட்டும் மீதமுள்ள நீளத்தில் ஏறக்குறைய 17.8-ல் ஒரு பங்கு தூரத்தில் நிற்கிறது. இந்தக் கணக்குப்படி பன்னிரண்டாவது மெட்டு சரியாக நடுவில் விழ வேண்டும். விழுந்தால்தான் மேல் ஷட்ஜம் சுத்தமாகப் பேசும். குதிரை தள்ளிப் போனால் கீழே சுருதி சேர்த்த தந்தி மேலே போகப் போக அபசுரம் பேசும். வீணையில் மெட்டுக்கள் மெழுகின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. வேண்டுமானால் இளக்கி நகர்த்தலாம். கிதாரிலோ மெட்டுக்கள் மரத்தில் அறைந்தவை. நகர வேண்டியது குதிரைதான். அதற்கென்று அதில் சிறு திருகாணிகள் உண்டு என்றாலும், அவற்றின் எல்லைக்கு அப்பால் போய்விட்டது இந்தக் கோளாறு.

விற்றவர்களுக்கு எழுதினான், பதில் இல்லை. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். மூன்றாம் நாள் தாத்தா எழுந்து போய்ச் சாக்கை அவிழ்த்தார். பழைய துவாரங்களுக்கு அதே ஜாதி மரத்தில் சிறு முளைகள் சீவி, பசையிட்டு அடித்து, இழைத்து, வேறு இடத்தில் புதிதாகத் துளை போட்டுக் கொடுத்தார். முன்னிருந்த துவாரம் எங்கே என்று நான் விரலால் தடவிப் பார்த்தேன், தெரியவில்லை.

அப்போதுதான் அவர் தண்டியின் மேற்பலகையை நகத்தால் கீறி மோந்து பார்த்து, "இது நம்ம ஈட்டி, வாத்தியாரய்யா" என்றார். நூக்கு என்றும் தோதகத்தி என்றும் சொல்லுகிறோமே, அதே மரம். இதில் ஒரு சரித்திரம் இருக்கிறது. முன்காலத்தில் மேனாட்டுக் கிதார்களுக்குப் பிரேசில் தேசத்து ஈட்டியையே உபயோகித்தார்கள். அத்தேசத்தார் மரத்தைக் கட்டையாக அனுப்புவதைத் தடுக்கவே, அமெரிக்காவில் புகழ்பெற்ற மார்ட்டின் கம்பெனி 1969-ல் நம் நாட்டு ஈட்டிக்கு மாறிற்று, ஏனையோரும் மாறினர். ஈட்டி வகைகள் அத்தனையும் 2017-ல் சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் 2019-ல் தளர்த்தினார்கள். இந்தத் துண்டு நம் மலையில்தான் விளைந்தது என்று சத்தியம் செய்ய முடியாது; ஜாவாவிலும் அதே மரம் வளர்கிறது. ஆனாலும் மேலமாசி வீதியில், 1921 செப்டம்பரில் மகாத்மா தமது உடையைக் களைந்து நான்கு முழ வேட்டிக்கு மாறிய வீடு இருக்கும் ஊர் இது. ஒரு சாமானைக் கையில் எடுத்தால் "இது எங்கே விளைந்தது, யார் செய்தது?" என்று கேட்பது இங்கே பழகிய வழக்கம். நம் மரம் கடல் கடந்து போய், திரும்பிச் சீனத்துப் பெட்டியில் வந்து, மூன்று மில்லிமீட்டர் பிசகோடு நம்மிடமே விலைபோகிறது என்றால் மனம் கொஞ்சம் சுருக்கென்கிறது.

கிதார் அந்நிய வாத்தியம் என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்குச் சம்மதமில்லை. பிடிலை நம்மவராக்கிக்கொண்டு இருநூறு வருஷம் ஆகிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கையில் மின்சார மாண்டலின் தோடியும் காம்போதியும் பேசியதை நம்மில் பலர் நேரில் கேட்டிருக்கிறோம். லண்டன் டிரினிடி கல்லூரியாரின் தேர்வில் கிதாருக்காகத் தங்கப் பதக்கம் பெற்ற இளையராஜா பிறந்த பண்ணைப்புரம், அன்றைக்கு மதுரை ஜில்லாவில் இருந்த கிராமந்தான்.

என் ஆட்சேபம் வேறு. புதிய சாமானை எதற்காகப் பழையதாக்க வேண்டும்?

இதற்கு விடை வேண்டுமானால் வார்னிஷின் கதையைப் பார்க்க வேண்டும். சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாச மரத்திலும் கூசும்ப மரத்திலும் சிறு பூச்சிகள் உண்டாக்கும் அரக்கு, ஒரு காலத்தில் உலகத்து மேஜை நாற்காலிகளுக்கெல்லாம் மெருகு கொடுத்தது. 1920-களில் மோட்டார் வண்டிகளுக்கு வர்ணம் பூசுவதற்காக வேறொன்று வந்தது: பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திச் செய்கிற லாக்கர். வெடிமருந்துக்குத் தாயாதி. அதை வீட்டுக்குள் பூசக்கூடாது, அருகில் நெருப்பு இருக்கக்கூடாது, மூக்கை மூடிக்கொள்ளாமல் பூசக்கூடாது என்று பையனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். லியோ பெண்டர் தம் கிதார்களுக்கு இந்த மோட்டார் வண்டி வர்ணங்களையே உபயோகித்தார். இந்தப் பூச்சு மிக மெல்லியது. வெயிலில் மஞ்சளிக்கும், குளிரில் சுருங்கி நூலிழை போல் வெடிக்கும், கை பட்ட இடத்தில் தேய்ந்து மரம் தெரியும். 1960-களின் பிற்பகுதியில் கெட்டியான பிளாஸ்டிக் பூச்சுக்கள் வந்தபிறகு கிதார்கள் அவ்வளவு எளிதில் தேய்வதில்லை. ஆகவே, தேய்ந்த கிதார் என்றால் அந்தப் பழைய நல்ல காலத்துக் கிதார் என்று அர்த்தமாகிவிட்டது.

அயர்லாந்து தேசத்து ரோரி காலஹர் என்னும் வித்துவான் 1963-ல், பதினைந்து வயதில், கார்க் நகரத்துக் கடையொன்றில் நூறு பவுனுக்கு ஒரு ஸ்டிராட்டோகாஸ்டர் வாங்கினார். ஆயுள் முழுவதும் அதையே வாசித்தார். ஒரு சமயம் அது திருட்டுப் போய் மழையில் கிடந்து திரும்பி வந்தது. அவருடைய வியர்வையாலும் முழங்கையாலும் பூச்சில் பெரும்பகுதி போய்விட்டது. 1995-ல் அவர் காலமானார். 2024-ல் லண்டனில் ஏலம் போனபோது அதன் விலை எட்டு லட்சம் பவுனுக்கு மேல். வாங்கியவர்கள் அதை அயர்லாந்து தேசிய மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அத்தகைய கிதாருக்கு ஆசைப்படுவோர் ஆயிரம் பேர், உள்ளவை சில. 1995-லேயே பெண்டர் கம்பெனியார் தங்கள் விசேஷப் பட்டறையில் புதுக் கிதாரைச் சுரண்டி, கீறி, துருவேற்றி விற்கத் தொடங்கினார்கள். மெருகு குலையாததைவிடக் குலைத்ததற்கு விலை அதிகம்! அமெரிக்கரின் கிறுக்கு என்று சிரித்துவிடவும் முடியாது. பாரிஸ் நகரத்து வியோம் என்ற பெயர்பெற்ற பிடில் கைவினைஞர் 19-ஆம் நூற்றாண்டிலேயே பழைய இத்தாலியப் பிடில்களைத் தேய்மானம் உள்படப் பிரதி செய்து விற்றிருக்கிறார்.

"இது மோசடியல்லவா?" என்று பையனைக் கேட்டேன்.

"விற்கப் போறதில்லையே, சார்" என்றான். அதற்குமேல் எனக்கு வாதம் இல்லை. பழையது என்று சொல்லி விற்றால் குற்றம். தன் கையிலேயே வைத்துக்கொண்டால் வேஷம். வேஷம் போடுவது குற்றமாகாது.

ஐஸ் பெட்டி பலித்ததா என்றால், முதல் தடவை பலிக்கவில்லை. நம் கடைகளில் தச்சர்களுக்கு விற்கும் லாக்கரில், வெடிக்காமல் இருப்பதற்கென்றே மிருதுவாக்கும் சரக்குச் சேர்த்திருக்கிறார்கள். அதைச் சுரண்டிவிட்டு, தின்னர் மிகுதியாகச் சேர்த்து மெல்லிதாகப் பூசி, ஒரு மாதம் உலரவிட்டு, மறுபடி ஓரிரவு ஐஸ் பெட்டியில் வைத்து, காலையில் நேராக அக்னி நட்சத்திர வெயிலில் கொண்டுபோய்க் கிடத்தினான். பனிநாட்டார் கணப்படுப்புக்குக் கொண்டுபோகிறார்கள். மதுரையில் மொட்டை மாடியே போதும். "டிக்" என்று மெல்லிய சப்தம் கேட்டது. நானே அருகில் இருந்தேன். சிலந்தி வலை போல் கீறல்கள் ஓடின. ஜிகர்தண்டாக் கடைக்காரர் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நல்ல சாமான் கெட்டுப் போயிற்றே என்பது அவர் துக்கம்.

வெள்ளைப் பிளாஸ்டிக் குமிழ்களை மஞ்சளாக்குவதற்குக் காப்பி டிகாக்ஷனில் இரண்டு நாள் ஊறப்போட்டான். நிக்கல் திருகாணிகளை மூடிய டப்பாவில் வினிகர்க் கிண்ணத்தின்மேல் தொங்கவிட்டு மங்கச் செய்தான். ஆயுளெல்லாம் புளி போட்டுப் பித்தளை விளக்கிய அவன் பாட்டி, புளிப்பை வைத்துப் பளபளப்பைப் போக்குகிற இந்தத் திருப்பணியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பிறகு சாவிக்கொத்தை எடுத்துப் பலகை முழுவதும் சரிசமமாகக் கீறினான். இங்கேதான் தாத்தா குறுக்கிட்டார்.

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்டா தம்பி. தேய்மானம் இப்படியா வரும்?"

சாக்கிலிருந்து தம் இழைப்புளியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். மரம் கறுத்து வழவழத்திருந்தது. வலது பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் ஆழமாய் ஒரு பள்ளம். அவர் கட்டைவிரல் ஐம்பது வருஷம் உட்கார்ந்த இடம் அது. பையன் தன் விரலை அதில் வைத்துப் பார்த்தான்; பொருந்தவில்லை. உளிப்பிடியின் தலை மட்டும் சிதறியிருந்தது. நடுப்பிடியில் ஒரு கீறலும் இல்லை. முழக்கோலில் அவர் அதிகம் அளந்த பகுதிகளில் கோடுகள் மறைந்துவிட்டன.

"வாசி. எங்கெங்கே கை படுதுன்னு பார். அப்புறம் சுரண்டு."

அவன் அப்படியே செய்தான். பூட்டாத பலகையை மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பவன் போல் உட்கார்ந்து, முன்னங்கை எங்கே உரசுகிறது, பெல்ட்டின் கொக்கி பின்புறம் எங்கே இடிக்கிறது, கட்டைவிரல் தண்டியின் முதுகில் எந்த மெட்டுக்குப் பின்னால் அதிகம் தங்குகிறது என்று சாக்கட்டியால் குறித்தான். இதற்கு அவனுக்கு மூன்று வாரம் பிடித்தது. தண்டியின் முதுகில் லாக்கரை நீக்கிய இடத்தில் கை வழுக்கிக்கொண்டு போயிற்று. அந்தத் தேய்மானம் மட்டும் வேஷமல்ல, உபயோகம் என்று எனக்குப் பட்டது.

தாத்தா சொன்ன இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "மேல்பூச்சைப் பழசாக்குறீங்க, மரத்தைப் பழசாக்க முடியுமா?" என்று கேட்டார். மேனாட்டில் அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். பிராணவாயு புகாத சூளையில் சுமார் 180 முதல் 200 டிகிரி வரை மரத்தை வாட்டி எடுக்கிறார்கள். அதன்பின் அது ஈரத்தை இழுத்து முறுக்கிக்கொள்வது குறைகிறது. ஆனால் நம் நாட்டார் கண்ட வழி அதனினும் எளிது. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவிலுள்ள நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்கிறவர்கள், இடித்த பழைய வீடுகளின் தூணையும் உத்திரத்தையும் விலைக்கு வாங்குகிறார்கள். ஆச்சா மரம். பல தலைமுறை கூரையைத் தாங்கி நின்றதில் ஈரமெல்லாம் வற்றிப் போயிருக்கும். பச்சை மரத்தில் கடைந்தால் நாளடைவில் சுருங்கித் துவாரம் கோணும், சுருதி மாறும். முதிர்ந்த மரம் அசையாது. டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி பாரி நாகஸ்வரத்தைச் செம்மைப்படுத்தியது அந்த ஊரில்தான். 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்காக வாசித்த நம் மதுரைச் சகோதரர்கள் சேதுராமன், பொன்னுசாமி ஆகியோரின் வாத்தியத்தைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள், அந்த வாத்திய ஜாதியின் உயிர் யாரோ ஒருவர் வீட்டு உத்திரத்தில் ஒளிந்திருக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். 2022-ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே பழமை மரத்துக்குள் இருக்கிறது. வாத்தியமோ பளபளவென்று புதிதாகக் கைக்கு வருகிறது. பையன் செய்தது இதற்கு நேர் எதிரிடை.

இதை நான் சொன்னபோது அவன் ஒன்றும் பேசவில்லை. ஆவணி மாதத்தில் கிதார் பூர்த்தியாயிற்று. தந்திகளை ஏற்றி, சுருதி சேர்த்து, பன்னிரண்டாவது மெட்டில் விரல் வைத்து மீட்டினான். சுத்தமாக இருந்தது. தெருவில் போன ஒருவர், "இவ்வளவு பழசை எங்கே பிடிச்சே?" என்று விசாரித்தார். பையனுக்கு முகம் மலர்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் தகப்பனார் மாத்திரம் உள்ளே போய்விட்டார்.

அதற்கு இரண்டு மாதம் கழித்துப் பரணில் கிடந்த ஒரு பலாப் பலகையைத் தாத்தா இறக்கினார். அவர் தகப்பனார் காலத்துப் பலகையாம். வீணைக்கும் தவிலுக்கும் பலாவைத்தானே தேடுகிறோம்! மரத்துக்கும் மின்சார நாதத்துக்கும் சம்பந்தமுண்டா என்ற வித்துவான்களின் சச்சரவு அவர் காதில் விழவேயில்லை. விரல் முட்டியால் நாலு இடத்தில் தட்டிக் கேட்டார். ஒரு முனையை ஒதுக்கிக் கரியால் கோடு போட்டார். அடுத்த கிதாருக்கு உடற்பலகை இதிலிருந்துதான். இதில் சாவிக்கொத்து படக்கூடாது, ஐஸ் பெட்டி கூடாது, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு மட்டுந்தான் பூச வேண்டும் என்று நிபந்தனை. பேரன் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருந்தான்.

அறுக்கும் அன்று அவன் கல்லூரியிலிருந்து திரும்பவில்லை. பலகையின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. நான் எழுந்தேன். அதற்குள் பையனின் தகப்பனார் உள்ளிருந்து வந்து, அலுவலகச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு, முழங்காலைப் பலகையின்மேல் ஊன்றினார். எங்கே ஊன்ற வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"ஆடாமப் பிடி" என்றார் பெரியவர், வாளை எடுத்துக்கொண்டு.